பண்ணாரி முதல் பர்கூர் வரை: சரணாலயம் விரிந்த மலைகளில்

வியாழன் – பண்ணாரி, திம்பம், ஆசனூர்

பண்ணாரி சோதனைச்சாவடியில் லாரி வரிசை கோயில் வாசலைத் தாண்டி நின்றது. மாலை ஆறிலிருந்து காலை ஆறு வரை சரக்கு வண்டிகள் திம்பம் மலை ஏறக் கூடாது. கார், பைக் என்றால் இரவு ஒன்பதுக்கு மேல் கூடாது. ஈரோடு ஆட்சியர் 2019-ல் போட்ட உத்தரவு இது. மூன்று வருடம் ஃபைலில் கிடந்ததை 2022 பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்றம் தூசி தட்டி அமல்படுத்த வைத்தது.

தாளவாடி பஸ்ஸில் பக்கத்து சீட் பெரியவர் முட்டைக்கோஸ் விவசாயி. "லோடு நேரத்துக்கு மார்க்கெட் போய்ச் சேர மாட்டேங்குதுங்க தம்பி" என்று ஆரம்பித்தார். இரண்டு வளைவு போனதும் அவராகவே, "ஆனா ரோட்டுல மானு நசுங்கிக் கெடக்கறது கொறஞ்சு போச்சுங்க. அதையும் சொல்லோணுமல்ல" என்றார். அந்த 'சொல்லோணுமல்ல'வுக்காகவே அவரைப் பிடித்துப்போயிற்று.

மொத்தம் 27 கொண்டை ஊசி வளைவுகள். மேலே ஏற ஏற முள்ளுக்காடு விட்டு வேங்கை மரமும் வெக்காலி மரமும் வருகின்றன. சாலையோரம் முழுக்க உண்ணிச்செடி. பூ அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அது பிடித்த இடத்தில் புல் முளைக்காது, மானுக்கும் காட்டெருமைக்கும் வாய் வைக்க ஒன்றுமிருக்காது. சரணாலயம் என்று பலகை வைப்பதால் உண்ணிச்செடி ஓடிப்போய்விடாது என்பதை இந்த ஒரு சாலையே காட்டிவிடுகிறது.

இந்தப் பயணத்தின் நோக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். சத்தியமங்கலம் காடு 2008-ல் 524 சதுர கிலோமீட்டர் சரணாலயமாகத் தொடங்கியது. 2011-ல் அது 1,411 சதுர கிலோமீட்டராக விரிந்தது. 2013-ல் புலிகள் காப்பகம் ஆனது. 2022-ல் புலிகளின் எண்ணிக்கையை இரட்டிப்பாக்கியதற்கான டிஎக்ஸ்2 சர்வதேச விருது, நேபாளத்தின் பர்தியா தேசியப் பூங்காவோடு சேர்த்து இந்தக் காட்டுக்கும் கிடைத்தது. 2000-ல் கன்னட நடிகர் ராஜ்குமாரை வீரப்பன் கடத்திப் போனது இதே தாளவாடிப் பக்கத்திலிருந்துதான். 2004 அக்டோபரில் அவன் கதை முடியும்வரை இந்தப் பெயரைச் சொன்னாலே வெளியூர்க்காரன் வரமாட்டான். இன்றைக்கு சனிக்கிழமை ரூம் கிடைக்காது.

இது மேற்குப் பாதி. கிழக்கே பர்கூர் மலையில் 2024 ஜனவரியில் 805 சதுர கிலோமீட்டருக்குத் தந்தை பெரியார் வனவிலங்கு சரணாலயம் அறிவித்தார்கள். அதாவது சத்தியமங்கலம் 2008-க்கும் 2013-க்கும் நடுவில் நின்ற இடத்தில் பர்கூர் இப்போது நிற்கிறது. இங்கே என்ன நடந்தது என்று பார்த்துவிட்டு அங்கே போனால், அங்கே என்ன நடக்கப்போகிறது என்று ஓரளவு தெரியும் என்பது என் கணக்கு.

வெள்ளி – காரப்பள்ளம்

காலையில் டீக்கடையில் கேட்டதுமே சொல்லிவிட்டார்கள்: "யானை பாக்கோணுமா? காட்டுக்குள்ள எதுக்குங்க போறீங்க, காரப்பள்ளம் செக்போஸ்டுக்குப் போங்க."

தாளவாடிப் பக்கம் வெட்டும் கரும்பு இந்த மலை இறங்கித்தான் ஆலைக்குப் போகிறது. அளவுக்கு மேல் உயரமாக ஏற்றிய லாரிகள் செக்போஸ்ட் பக்கம் மேல்கட்டைத் தள்ளிவிட்டுப் போவார்கள். யானைகள் அதைக் கற்றுக்கொண்டன. பிறகு சாலையோரம் நின்று காத்திருக்கவும், லாரியை மறிக்கவும் கற்றுக்கொண்டன. தாயைப் பார்த்துக் குட்டி கற்கிறது. கரும்பை வீசக் கூடாது, வீசினால் அபராதம் என்று வனத்துறை சொல்லிக்கொண்டுதான் இருக்கிறது.

நான் போய் நின்ற அரைமணி நேரத்தில் ஒரு பெண் யானை குட்டியோடு மூங்கில் புதரிலிருந்து வந்தது. லாரி டிரைவர் ஹாரன் அடிக்கவில்லை, இன்ஜினை அணைத்துவிட்டார். யானை அவசரமே படவில்லை. தும்பிக்கை நுனியால் கட்டுக் கயிற்றைத் தடவிப் பார்த்து, முடிச்சுக்குக் கீழே விட்டு, ஓரத்துக் கரும்புகளை மட்டும் ஒவ்வொன்றாக உருவியது. தோகையைக் காலில் மிதித்து உதறிவிட்டுத்தான் வாயில் வைத்தது. குட்டி கீழே சிந்தியதைப் பொறுக்கியது. எதிர்ப்பக்கம் கார்கள் நின்றுவிட்டன. கதவைத் திறந்து இறங்கி, யானைக்கு முதுகைக் காட்டி செல்ஃபி எடுத்தவர்களில் கைக்குழந்தையோடு ஒரு அம்மாவும் இருந்தார். வேட்டைத் தடுப்புக் காவலர் ஒருவர் தொண்டை கிழியக் கத்தினார். யாரும் கேட்பதாக இல்லை.

அவரோடு பிற்பாடு பேசினேன். சோளகர் பழங்குடி இளைஞர், ஒப்பந்தச் சம்பளம். "புலி கணக்கெடுப்பு, கேமரா கட்டறது, தீத்தடுப்புக் கோடு வெட்டறதுன்னா நடந்துருவேங்க. இந்தக் கார்க்காரங்களச் சமாளிக்கறதுதான் பெரும்பாடு" என்றார். ஆசனூரில் வனத்துறையின் தங்குமிடம் உண்டு. அதைத் தவிர பட்டா நிலங்களில் தனியார் விடுதிகள். அவற்றில் உங்கள் ஊர் ஆட்கள் எத்தனை பேர் வேலை பார்க்கிறார்கள் என்று கேட்டதற்கு, "பாத்திரம் களுவ, தோட்டத்துக்குத் தண்ணி விட" என்றார். வழிகாட்டியாக? சிரித்தார். "வழி அவங்களுக்கு கூகுள் காட்டுது."

புலிகள் காப்பகத்தின் மையப் பகுதியில் 20 சதவீதத்துக்கு மேல் சுற்றுலாவுக்குத் திறக்கக் கூடாது என்று தேசியப் புலிகள் பாதுகாப்பு ஆணையம் 2012-லேயே வழிகாட்டுதல் கொடுத்திருக்கிறது. வருமானத்தில் உள்ளூர் மக்களுக்குப் பங்கு வேண்டும் என்றும் அதில் இருக்கிறது. நல்ல விஷயம்தான். ஆனால் காப்பகத்துக்கு நடுவில் தீவு மாதிரி கிடக்கும் பட்டா நிலத்தில் எழும்பும் விடுதி அந்தக் கணக்கில் வராது. ராத்திரி நான் தங்கிய இடத்துக்குப் பக்கத்து விடுதியில் பதினொரு மணி வரை குத்துப்பாட்டு. சூழல் சுற்றுலா என்று போர்டு வைக்க யாரிடமும் பரீட்சை எழுத வேண்டியதில்லை போலிருக்கிறது.

சனி – கீழே இறங்கி அந்தியூர்

எழுத அதிகமில்லை, பஸ் மாறி மாறி வந்த நாள். மாயாற்றங்கரை ஊரான தெங்குமரஹடா போக ஆசை இருந்தது, அனுமதி இல்லாமல் மாயாற்றுப் பக்கம் விடமாட்டார்கள். தென்னிந்தியாவில் பாறு கழுகுகள் இன்னும் கூடு கட்டிப் பிழைத்திருக்கும் ஒரு சில இடங்களில் மாயாற்றுப் பள்ளத்தாக்கு ஒன்று. மாட்டுக்குப் போடும் டைக்ளோஃபெனாக் ஊசி, செத்த மாட்டைத் தின்ற கழுகின் சிறுநீரகத்தைக் கெடுத்துக் கொன்றது. கால்நடைக்கு அந்த மருந்தை 2006-ல் தடை செய்தார்கள். இதை இங்கே சொல்வதற்குக் காரணம் உண்டு: காட்டில் மாடு இருப்பதே கேடு என்று பேசுகிறவர்கள், கழுகுக்குத் தீனி எங்கிருந்து வந்தது என்பதையும் யோசிக்கலாம். மாடு பிரச்சினையா, மாட்டுக்குப் போட்ட ஊசி பிரச்சினையா?

அந்தியூரில் இரவு. ஆடி மாதம் குருநாதசாமி கோயில் கால்நடைச் சந்தையின்போது வந்திருந்தால் பர்கூர் மாடுகளை ஊருக்குள்ளேயே பார்த்திருக்கலாம்.

ஞாயிறு – பர்கூர் மலை

அந்தியூரிலிருந்து தாமரைக்கரை வழியாகப் பர்கூருக்கு அரசு பஸ். இது திம்பம் மாதிரி தேசிய நெடுஞ்சாலை இல்லை. கர்நாடக எல்லை வரை போகும் குறுகிய மலைச்சாலை. ஒரு விடுதிப் பலகைகூடக் கண்ணில் படவில்லை.

வரைபடத்தை ஒருமுறை விரித்துப் பாருங்கள். மேற்கே சத்தியமங்கலம் புலிகள் காப்பகம். வடக்கே கர்நாடகத்தின் மலை மாதேஸ்வரா சரணாலயம், அதற்கு மேற்கே பிலிகிரிரங்கா புலிகள் காப்பகம். வடகிழக்கே 2022-ல் அறிவித்த காவிரி தெற்கு சரணாலயம், 686 சதுர கிலோமீட்டர். நடுவில் இருந்த ஓட்டைதான் பர்கூர். மேற்குத் தொடர்ச்சி மலையும் கிழக்குத் தொடர்ச்சி மலையும் கைகோக்கும் இடம். நீலகிரிப் பக்கத்து யானை காவிரிக் கரை வரை போய்வர இந்தக் காடு ஒரே துண்டாக இருந்தாக வேண்டும். அதனால் சரணாலயம் தேவையா என்று கேட்டால், தேவை என்பதுதான் என் பதில். அதில் எனக்குச் சந்தேகமில்லை. அடுத்து எழுதப்போவதைப் படித்துவிட்டு சரணாலயத்துக்கு எதிரானவன் என்று யாரும் முடிவு கட்ட வேண்டாம்.

ஊரிலிருந்து ஒரு மணி நேரம் நடந்து ஒரு பட்டிக்குப் போனோம். பட்டி என்றால் முள்வேலி போட்ட மாட்டு அடைப்பு. பகலெல்லாம் காட்டில் மேயும் மாடு ராத்திரி இதற்குள் வந்துவிடும். பர்கூர் செம்மறை மாட்டைப் படத்தில்தான் பார்த்திருந்தேன். நேரில் அந்த நிறம் வேறு: செங்காவித் தோலில் வெள்ளைச் சுண்ணாம்பை விசிறி அடித்த மாதிரி திட்டுத் திட்டாக மறை. பின்னோக்கிச் சாய்ந்து மேலேறும் கூர்க்கொம்பு. திமில் சின்னது, உடம்பு கச்சிதம். நான் வேலிக்குப் பக்கத்தில் போனதும் எல்லாத் தலையும் ஒரே நேரத்தில் நிமிர்ந்தது. ஒரு காளை மூச்சை இழுத்து ஊதியது. "புது வாசம் ஆவாதுங்க, அப்படியே நில்லுங்க" என்றார் பட்டிக்காரர். நின்றேன். அவர் கன்னடத்தில் என்னவோ சொல்லிக்கொண்டே நடுவில் புகுந்து போனார், மாடுகள் விலகி வழிவிட்டன. வீட்டில் கன்னடம், சந்தையில் தமிழ், மாட்டோடு இரண்டும் கலந்த ஒன்று.

"பாலுக்கு இந்த மாடு ஆவாதுங்க. ஒரு வேளைக்கு ஒரு லிட்டர் கறந்தாப் பெருசு. ஓட்டத்துக்கு, ஏர் ஓட்டறதுக்கு, எருவுக்கு. கட்டிப் போட்டுத் தீவனம் வச்சா ஒரு வருசத்துல எளைச்சுப்போவும். இது காட்டு மாடுங்க. காடு இல்லீன்னா இந்த மாடு இல்ல." இந்த இனத்துக்காகவே பர்கூரில் கால்நடைப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. ஒரு அரசு அலுவலகம் இந்த மாட்டைக் காப்பாற்றச் சம்பளம் வாங்குகிறது, இன்னொன்று அது மேயும் இடத்தை மூடுகிறது.

எப்படி மூடுகிறது என்பதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-ல் 26அ என்று ஒரு பிரிவு. ஏற்கெனவே காப்புக்காடாக, அதாவது அரசு ஒதுக்கிப் பாதுகாக்கும் வனமாக இருக்கிற நிலத்தை, மக்களின் உரிமைக் கோரிக்கைகளைப் புதிதாக விசாரித்துத் தீர்க்கும் நீண்ட நடைமுறைக்குள் போகாமலேயே, மாநில அரசு சரணாலயமாக அறிவித்துவிடலாம். அறிவித்த எல்லையைப் பிறகு மாற்ற வேண்டுமென்றால் தேசிய வனவிலங்கு வாரியத்தின் பரிந்துரை வேண்டும். உள்ளே போவது சுலபம், வெளியே வருவது கஷ்டம். காட்டுக்கு அது நல்லது. காட்டில் பிழைப்பவனுக்குத்தான் பயம்.

ஆனால் அதே சட்டம் சரணாலயத்துக்குள் மேய்ச்சலை அடியோடு தடுக்கவில்லை. தலைமை வனவிலங்குக் காப்பாளர் முறைப்படுத்தி அனுமதிக்கலாம் என்று 33-ஆம் பிரிவில் இடமிருக்கிறது. தேசியப் பூங்காவில்தான் அந்த இடம் இல்லை. பிறகு என்ன சிக்கல்? 2022 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் தமிழகக் காடுகளில் கால்நடை மேய்ச்சலுக்குத் தடை விதித்தது. எதிர்ப்பு வந்ததும் தடையைப் புலிகள் காப்பகம், தேசியப் பூங்கா, சரணாலயம் என்ற அளவுக்குச் சுருக்கியது. அப்போது பர்கூர் வெறும் காப்புக்காடு, தப்பித்தது. இரண்டு வருடம் கழித்து அதன் மேல் சரணாலயம் என்ற பெயர் விழுந்ததும் தடையும் கூடவே வந்துவிட்டது. மலைக்காரர்கள் அந்தியூர் வரை இறங்கிப் போராடியது இதற்குத்தான்.

வனத்துறை தரப்பிலும் நியாயம் இல்லாமல் இல்லை. ஓய்வுபெற்ற வனவர் ஒருவரைத் தாமரைக்கரையில் பார்த்தேன். பெயர் போடக் கூடாது என்று சொல்லிவிட்டுப் பேசினார். "பட்டியில இருக்கற மாடெல்லாம் மலைக்காரன் மாடுன்னு நெனைக்காதீங்க. கீழ்நாட்டுக்காரன் மாட்டையும் ஓட்டிவிடறாங்க. எரு லாரி லாரியாப் போகுது. கோடையில புல்லு துளுக்கட்டும்னு தீ வெக்கறவனும் இருக்கான். நாலு பேரு பண்றதுக்கு நாப்பது பேரு அனுபவிக்கறாங்க." பட்டிக்காரரிடம் இதைச் சொன்னபோது அவர் மறுக்கவில்லை. "அப்ப அந்த நாலு பேரப் புடிங்க. எந்தப் பட்டி ஆரோடதுன்னு இந்த மலைல தெரியாதவங்க ஆரு?"

இரண்டு பேரும் சொல்வது ஒரே தீர்வைத்தான். பட்டிகளைக் கணக்கெடுத்து, உள்ளூர் மாட்டுக்கு மட்டும் இடமும் காலமும் வகுத்துக் கொடுப்பது. இதை இரண்டு பேரையும் ஒரே மேசையில் உட்காரவைத்துப் பேசத்தான் ஆளில்லை.

திங்கள் – ஒரு சோளகர் ஊர்

ஊர் பெயர் எழுதவில்லை. பேசியவர்கள் கேட்டுக்கொண்டார்கள். வீரப்பனைப் பிடிக்க அதிரடிப்படை தேடுதல் நடந்த வருடங்களின் கசப்பு பெரியவர்களுக்கு இன்னும் போகவில்லை, யார் எதற்கு எழுதிக்கொண்டாலும் உள்ளே ஒரு உதறல் இருக்கிறது.

ஜீப் போகும் தடம் ஒரு கட்டத்தில் நின்றுவிட்டது, மீதி நடை. கூட வந்த இளைஞர் நடக்கும்போதே காட்டை வாசித்துக்கொண்டு வந்தார். ஈரமண்ணில் கரடி தோண்டிய குழியில் விரலை விட்டுப் பார்த்து, "நேத்து ராத்திரி இல்ல, அதுக்கு முந்தின ராத்திரி" என்றார். எப்படித் தெரியும் என்றேன். குழி விளிம்பில் எறும்பு திரும்ப வளை கட்டத் தொடங்கியிருந்ததைக் காட்டினார். ஒரு வெக்காலி மரத்தில் ஆள் உயரத்துக்கு மேல் காய்ந்த சேறு. யானை உடம்பைத் தேய்த்த இடம். சேற்றின் உயரத்தை வைத்து அது பெரிய ஆண் என்றும், எந்தக் குட்டையில் புரண்டுவிட்டு வந்தது என்றும் சொன்னார். நான் ஆசனூரில் இருந்த நேரமெல்லாம் சேர்த்தாலும் இந்த ஒரு மணி நேரத்துக்கு ஈடாகாது. ஒரு விலங்குகூட நேரில் பார்க்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இங்கேதான் சுற்றுலா பற்றிய என் கருத்து உறுதியானது. பர்கூருக்கு ஜீப் சஃபாரி ஒத்துவராது. புல்வெளி திறந்து கிடக்கும் காட்டில் வண்டியில் போனால் ஏதாவது தெரியும். இந்த வறண்ட இலையுதிர் காட்டில், அதுவும் உண்ணிச்செடி அடைத்த இடத்தில், பத்தடிக்கு அப்பால் யானை நின்றாலும் தெரியாது. வருகிறவன் புலி பார்க்காமல் ஏமாந்து போவான், அவனைத் திருப்திப்படுத்த இன்னும் உள்ளே ரோடு வெட்டுவார்கள். இங்கே காட்ட வேண்டியது இந்த நடையை. ஐந்தாறு பேர், முன்னால் ஒரு சோளகர், பின்னால் ஒருவர். மதியத்துக்குள் திரும்பிவிட வேண்டும். பட்டியில் நின்று மாடு பார்ப்பதையும் இதோடு சேர்க்கலாம்.

புதிதாகக் கண்டுபிடிக்க ஒன்றுமில்லை. காரமடைப் பக்கம் பரளிக்காட்டில் வனத்துறையும் பழங்குடி ஊர்களும் சேர்ந்து பில்லூர் அணையில் பரிசல் ஓட்டுகிறார்கள். முன்பதிவு இல்லாமல் போக முடியாது, சமையல் முதல் பரிசல் வரை ஊர்க்காரர்கள் கையில். மலையேற்றத்துக்கும் விதிகள் உண்டு. 2018 மார்ச்சில் குரங்கணித் தீயில் மலையேறப் போனவர்கள் கருகிச் செத்த பிறகு வந்த விதிகள் அவை. 2024-ல் அரசு 40 தடங்களோடு மலையேற்றத் திட்டம் தொடங்கி, பழங்குடி இளைஞர்களுக்குப் பயிற்சி கொடுத்து வழிகாட்டிகள் ஆக்கியது. சட்டகம் தயாராகவே இருக்கிறது.

இதையெல்லாம் திண்ணையில் உட்கார்ந்து உற்சாகமாகச் சொன்னேன். ஊர்ப் பெண் ஒருவர், சுய உதவிக் குழுவில் கணக்கு எழுதுகிறவர், கேட்டுக்கொண்டே நெல்லிக்காய் பிரித்துக்கொண்டிருந்தார். "அண்ணா, டூரிஸ்டு வரட்டும். மொதல்ல இந்த நெல்லிக்காயும் தேனும் எடுக்கறது எங்க உரிமைன்னு காயிதம் வரட்டும். வனஉரிமைச் சட்டத்துல எழுதிக் குடுத்து வருசம் போயிட்டே இருக்கு. காயிதம் இல்லாம டூரிஸ்டு வந்தா, நாங்க அவங்களுக்கு வேலைக்காரங்க. காயிதம் இருந்தா அவங்க எங்களுக்கு விருந்தாளி."

2006-ஆம் ஆண்டின் வனஉரிமைச் சட்டம் சரணாலயத்துக்கும் பொருந்தும். மேய்ச்சல் உரிமையும் அதில் எழுத்திலேயே இருக்கிறது. எல்லைக்கு அப்பால் பிலிகிரிரங்காவில் சோளகர்கள் 2011-லேயே சமூக உரிமை வாங்கிவிட்டார்கள். அங்கே மாப்பிள்ளை எடுத்த குடும்பங்கள் இந்த ஊரில் இருக்கின்றன. ஒரே இனம், ஒரே மொழி, ஒரே தேன். அந்தப் பக்கத்துச் சம்பந்தி கையில் பட்டயம், இந்தப் பக்கம் மனு நகல். பழங்குடிகளின் உரிமைக்குப் பாதிப்பு வராது என்று அரசுத் தரப்பில் சொல்கிறார்கள். அதைத்தான் எழுத்தில் கொடுங்கள் என்கிறார் அந்தத் தங்கை.

இன்னொன்றும் கேட்டார். சுற்றுலாக் கமிட்டி என்று ஒன்று வந்தால் அதன் வரவு செலவை யார் முன்னால் வாசிப்பீர்கள்? என்னிடம் கேட்டுப் பிரயோஜனமில்லைதான். கிராம சபையில் என்று சொல்லி வைத்தேன். "எளுதிக்கோங்க" என்றார். எழுதிவிட்டேன்.

போக நினைப்பவர்களுக்கு: அந்தியூரிலிருந்து பர்கூருக்கு பஸ் உண்டு, கடைசி பஸ்ஸை விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள். மேலே தங்க இடம் கிடைக்கும் என்று நம்பிப் போகாதீர்கள், அந்தியூரில் ரூம் போட்டுவிட்டுப் போய் வாருங்கள். சாலையை விட்டு இறங்கிக் காட்டுக்குள் கால் வைக்க வனத்துறை அனுமதி கட்டாயம். பட்டிக்குப் போவதென்றால் பட்டிக்காரர் கூப்பிடாமல் வேலியைத் தொடாதீர்கள். டிரோன் பறக்க விட்டால் வழக்கு வரும். தேன் வாங்குகிறவர்கள் பேரம் பேசாமல் வாங்குங்கள், பாட்டிலை நீங்களே கொண்டுபோங்கள்.